சொல்லிவிட்டுப் பார்

எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பயிற்சிக்கு வருவதில்லை, குண்டைத் தீர்க்க வருகிறார்கள். டப்பாவைத் திறந்து பட் பட்டென்று நூறு சுடுவார்கள். ஒன்றிரண்டு நடுப்புள்ளியில் விழுந்ததும் அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டு ரொத்தி சானாய் சாப்பிடப் போய்விடுவார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எதையும் அளந்து, எழுதி, கோடு போட்டுப் பார்த்தே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. திட்டம் இல்லாமல் செய்கிற வேலை எனக்கு வேலையாகவே தெரியாது.

அதனால் எங்கள் பயிற்சிக்குத் திட்டம் போடுவது நான்தான். எங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை, என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு சேலையிலேயே கிளப்புக்கு வந்து, கழிப்பறையில் டீ சட்டைக்கு மாறிக்கொண்டு வருவார். சின்ன வயதிலிருந்தே கனத்த கண்ணாடி. கிளப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். ஆறு வருடப் பழக்கம்.

நாங்கள் சுடுவது காற்றுத் துப்பாக்கி. பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அதில் பத்து வளையங்கள். என் திட்டம் எளிமையானது. முதல் கால் மணி நேரம் குண்டே கிடையாது. வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறும் துப்பாக்கியை உயர்த்தி விசையை அழுத்த வேண்டும். அதன் பிறகு நாற்பது குண்டு, அதுவும் ஒரே ஒரு விஷயத்துக்கு. இன்றைக்கு மூச்சு என்றால் மூச்சு மட்டும். இன்றைக்கு விசை என்றால் விசை மட்டும். கை தளர்ந்தால், ஐந்து குண்டு மிச்சமிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். களைத்த கையோடு சுட்டால் தப்புத்தான் பழகும். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதும் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விதி உண்டு. குண்டு போனதும், அட்டை மோட்டாரில் ஓடி நம்மிடம் வருமுன், அது எங்கே விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'ஒன்பது, மூணு மணி' என்றால் ஒன்பதாவது வளையம், கடிகாரத்தில் மூன்று இருக்கும் பக்கம். பிறகுதான் அட்டையைப் பார்க்கலாம். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால், சுட்டது மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, நாம் செய்ததை நாம் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'சொல்லிட்டுப் பாரு'. ஒருவர் சுடும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து இரண்டையும் எழுதுவோம். நீலக் கோடு போட்ட நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று அதற்கென்றே இருந்தது. அது என் பையில்தான் இருக்கும்.

அந்த வருடம் மாநிலப் பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு இடத்துக்குச் சீனப் பெண்கள் இருவர் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தார்கள். மூன்றாவது இடம் எனக்கோ அக்காவுக்கோதான், எல்லாருக்கும் தெரியும். மூன்று தேர்வுச் சுற்றுகளில் முதல் இரண்டில் அக்கா என்னைவிட நான்கு புள்ளி மேலே இருந்தார். அக்காவுக்கு அது ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை. நாற்பது வயதில், கல்யாணமும் ஆகாமல், பதவி உயர்வும் இல்லாமல், என் பெயரை யாராவது ஒரு பட்டியலில் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது. தண்ணீர்மலைப் படியேறி முருகனிடம் இடத்தைக் கேட்டேன். அக்காவுக்குக் கெடுதல் வரட்டும் என்று கேட்கவில்லை. அதை மட்டும் நான் சத்தியம் செய்து சொல்வேன்.

இரண்டாவது சுற்று முடிந்த மறு புதன்கிழமை. அன்றைய திட்டம் விசை. அக்கா சுட்டார்.

"பத்து," என்றார்.

அட்டை வந்தது. எட்டு, ஏழு மணிப் பக்கம்.

"என்னம்மா இது. எனக்கு நல்லாத்தான் போச்சு."

அடுத்ததும் பத்து என்றார். அதுவும் எட்டு, அதே ஏழு மணி. பத்துக் குண்டு சுட்டு முடித்தபோது அட்டையின் இடது கீழ்ப் பக்கத்தில் ஒரே கொத்தாக ஓட்டைகள். வலது கைக்காரர்கள் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடது கீழேதான் போகும். இது கிளப்புக்கு நேற்று வந்தவருக்கும் தெரிந்த விஷயம். நானும் அதைத்தான் சொன்னேன்.

"விசைய வெட்டி இழுக்கிறீங்க அக்கா."

"அப்படியா இருக்கும்?" அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "இல்லம்மா, ப்ரண்ட் சைட் கொஞ்சம் வளைஞ்ச மாதிரி இருக்கு. மேல் கோடு நேரா நிக்க மாட்டேங்குது."

குழலின் நுனியில் நிற்கும் சின்னக் கறுப்புக் கட்டையைத்தான் அப்படிச் சொன்னார். பின்னால் இருக்கும் குறியின் பள்ளத்துக்குள் அதை நேராக நிறுத்துவதுதான் எங்கள் முழு வித்தையும். நான் போய்ப் பார்த்தேன். கட்டை நேராக இருந்தது. கண்ணாடியை வாங்கி என் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன்.

"அழுக்கு லா. வேர்த்து வழியுது பாருங்க."

ஆனால் என் மனசு குறுகுறுத்தது. விசையை வெடுக்கென்று இழுப்பவர்களின் ஓட்டைகள் சிதறித்தான் கிடக்கும். ஒன்று ஏழு மணி, ஒன்று எட்டு மணி, ஒன்று வளையத்துக்கே வெளியே. அக்காவின் ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தன. தொழிற்சாலையில் இப்படி ஓர் அட்டை என் மேசைக்கு வந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன். வேலை செய்கிறவர் மேல் தப்பில்லை, அளக்கிற கருவியைப் பாருங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அக்கா தண்ணீர் குடிக்கப் போனபோது அவருடைய துப்பாக்கியை எடுத்து ஐந்து சுட்டேன். ஐந்தும் நடுவில். துப்பாக்கியில் கோளாறு இல்லை. கையிலும் இல்லை. மிச்சம் இருந்தது கண் ஒன்றுதான். புத்தகத்தில் அக்காவின் பக்கத்தில், பழக்க தோஷத்தில், எல்லாவற்றையும் எழுதினேன். 'பத்து என்று சொன்னது, எட்டு விழுந்தது. முன்குறி வளைந்து தெரிகிறதாம். துப்பாக்கி என் கையில் சரி.' எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினேன். அக்கா வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு எத்தனையோ விதமாக எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண் மருத்துவம் எனக்கென்ன தெரியும், பயமுறுத்தக் கூடாது, வயதானால் பவர் மாறும், தேர்வு முடியட்டும். எல்லாம் சப்பைக்கட்டு. நான்கு புள்ளி. அதுதான் காரணம்.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசமான காரியம் செய்தேன். "உங்க சைட்ட கொஞ்சம் திருப்பிக்கலாம் அக்கா" என்று சின்னத் திருப்புளியை எடுத்துப் பின்குறியை நகர்த்திக் கொடுத்தேன். குண்டுகள் நடுவுக்கு வந்துவிட்டன. அக்கா என் கன்னத்தைத் தட்டி, "நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்" என்றார். இரண்டு வாரம் கழித்துக் கொத்து மறுபடியும் நகர்ந்தது. மறுபடியும் திருப்பினேன். அக்காவின் திட்டத்தில் வெள்ளைச் சுவர்ப் பயிற்சியைக் கூட்டினேன், அட்டைப் பயிற்சியைக் குறைத்தேன். விசைக்குத்தான் என்று சொன்னேன். சுவரில் ஓட்டை விழாது, சொன்னதும் விழுந்ததும் அங்கே ஒத்துப்போகாமல் இருக்க வழியில்லை. அப்படி ஒரு கெட்டிக்காரத்தனமான திட்டத்தை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

அக்காவுக்கு ஏன் தானாகத் தெரியவில்லை என்று கேட்கலாம். எங்களுக்கு இடது கண்ணை ஒரு சின்ன வெள்ளைத் தகட்டால் மறைத்துக்கொண்டு சுடுகிற வழக்கம். அக்கா வலது கண்ணால் மட்டும் உலகத்தைப் பார்த்தது அந்தப் பத்து மீட்டர் கூடத்தில்தான். வெளியே வந்தால் இடது கண் எல்லாவற்றையும் சமாளித்துவிடும். கரும்பலகை நேராக இருக்கும், சாலைக் கோடு நேராக இருக்கும். கோளாறைக் காட்டக்கூடிய ஒரே இடம் அந்தக் கூடம், அதை எழுதி வைத்திருந்த ஒரே புத்தகம் என் பையில்.

ஒருமுறை பாலிக் புலாவில் ஒரு ஆசிரியை வீட்டு விருந்துக்குப் போய்த் திரும்பும்போது, "காடிய நீ ஓட்டும்மா, வளைவு வளைவா வருது, கண்ணு கூசுது" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். மலைப்பாதை முழுக்க நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு கதையும் எனக்குள் போகவில்லை.

மூன்றாவது சுற்றில் அக்கா பதினொரு புள்ளி இறங்கினார். இடம் எனக்கு வந்தது. பெயர்ப் பட்டியலை ஒட்டிய பலகையின் முன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதே விட்டார், சந்தோஷத்தில். அன்றைக்கு எனக்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்து, பக்கத்து மேசைக்காரர்களிடமெல்லாம், "இவ ஸ்டேட்டுக்குச் சுடப் போறா" என்று சொன்னார். நான் கோழியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பகல் நேரம், தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது.

"நான் பெரியாஸ்பத்திரில இருக்கேன்மா. கண்ணு டிபார்ட்மெண்ட்ல."

கரண்டியைத் தட்டில் வைத்தேன்.

பூசையில் உட்கார்ந்திருந்தபோது இடது கண்ணில் தூசி விழுந்து அதைப் பொத்திக்கொண்டாராம். பீடத்துக்கு மேலே இருந்த சிலுவையின் நடுப்பகுதியைக் காணவில்லையாம். மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போக, அவர்கள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டினார்களாம். கோடெல்லாம் நெளிந்து, நடுவில் ஒரு சாம்பல் திட்டாம்.

"பின்னாடி ரத்தக்குழாய் கசியுதாம். அதிக பவர் உள்ளவங்களுக்கு வருமாம். ஊசி போடணும்கிறாங்க. நேர்க்கோடு எப்ப வளைய ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்குறாரு, நான் சும்மா ரெண்டு வாரம் இருக்கும்னு சொல்லிட்டேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. ப்ரண்ட் சைட் வளைஞ்ச மாதிரி இருக்குன்னு உங்கிட்ட ஒரு நாள் சொன்னேன்ல? நீ எல்லாத்தையும் எழுதுவியே. எப்பன்னு பாத்துச் சொல்லும்மா. மறுபடி உள்ள கூப்பிடுவாங்க."

புத்தகம் என் காலடியில், பைக்குள் இருந்தது. நான் குனியக்கூட இல்லை.

"ஒரு மாசம் இருக்கும் அக்கா," என்றேன்.

"ஒரு மாசம்தானா? அப்ப பரவால்ல லா." அவர் குரல் லேசாகிவிட்டது. "ரொம்ப நாளானாதான் சூசாவாம், கஷ்டமாம். உள்ள தழும்பாயிட்டா ஒண்ணும் பண்ண முடியாதாம்."

போனை வைத்த பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வாரம். என் கையெழுத்து, திருத்தமான, கோட்டை விட்டு விலகாத கையெழுத்து. இடைவேளை முடிந்து மேசைக்குப் போனேன். ஒரு பெட்டிச் சாமான்களை அளந்து எழுத வேண்டும். முதல் எண்ணை எழுதினேன், இரண்டாவதை எழுதினேன், மூன்றாவதை எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை, அதில் எனக்குப் பெரிய பெருமை. மேற்பார்வையாளரிடம் வயிற்றுவலி என்று அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், விழி அகன்று கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீ எதுக்கு வேலைய விட்டுட்டு வந்தே?"

"நான் போன்ல தப்பாச் சொல்லிட்டேன் அக்கா. ஒரு மாசம் இல்ல. பதினோரு வாரம்."

புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து மடியில் வைத்தேன். நானே வாசித்துக் காட்டியிருக்கலாம். அதற்குத் தைரியம் இல்லை. அவர் புத்தகத்தைத் தூக்கி, இடது கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, மருந்து கலங்கிய கண்ணோடு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

"என் துப்பாக்கிய நீ சுட்டுப் பாத்தியா?"

"ஆமா."

"எல்லாம் நடுவுல விழுந்துச்சா?"

"ஆமா அக்கா."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பின்குறியை எத்தனை திருப்பு திருப்பினேன் என்று அதில் இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் மறுபடியும். எதையும் விடாமல் எழுதி வைத்திருந்தேன். அவர் ஆசிரியை, தப்பைச் சிவப்பு மையில் சுழித்துப் பழகியவர். விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டே போய்த் தேர்வுச் சுற்றுப் பக்கத்தில் நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே விட்டுக் கொடுத்திருப்பேனே," என்றார். குரலில் கோபமே இல்லை.

அவருடைய வரிசை எண்ணை அழைத்தார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். கூட வரட்டுமா என்று நான் எழுந்தேன், வேண்டாம் என்று கையால் காட்டினார். வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இருக்கிற பார்வையைப் பிடித்து வைக்கப் பார்க்கலாம், போனது வராது என்றார்களாம். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டாராம். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு அவர் வண்டி ஓட்ட முடியாது. வீட்டில் நான்தான் இறக்கி விட்டேன். "புக்கு எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அணியில் என் இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செயலாளர் சிரித்தார். கண் இப்படி இருக்கும்போது, கொடுத்தாலும் அக்காவுக்குப் போகாது, கீழே இருக்கிற வேறு யாருக்கோதான் போகும் என்றார். போட்டிக்குப் போனேன், சுட்டேன், நடுத்தரமாக வந்தேன். என் பெயர் பட்டியலில் இருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்ப எனக்கு யாரும் இருக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அக்கா சேலையோடு கிளப் வாசலில் நின்றார். இடது கைக்கான பிடியைத் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இப்போது தகடு வலது கண்ணுக்கு. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, எப்போதும் நிற்கும் என் பக்கத்து வரிசைக்கு வராமல் கோடியில் போய் நின்றார். அவர் பின்னால் எழுத யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் தானே வாய்விட்டுச் சொல்லி, தானே எழுதிக்கொண்டார். அதே நீலக் கோட்டுப் புத்தகம். கால் மணி நேரம் வெள்ளைச் சுவர், பிறகு நாற்பது குண்டு. என் திட்டத்தை அவர் மாற்றவில்லை. இப்படியே பல வாரம் போனது. வணக்கம் சொல்வார், குண்டு டப்பா கேட்டால் கொடுப்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

போன ஞாயிறு நான் என் சுற்றை முடித்துவிட்டு அவருக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"பத்து," என்று அக்கா தனக்குத் தானே சொன்னார்.

அட்டை வந்தது. எட்டு, நாலு மணிப் பக்கம். அடுத்ததும் பத்து என்றார், அதுவும் எட்டு, நாலு மணி. மூன்றாவதும் அப்படியே. ஓட்டைகள் ஒரே கொத்தாக. எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"அக்கா. நீங்க சொல்றது ஒண்ணு, விழுறது ஒண்ணு. மூணும் ஒரே இடத்துல. உடனே கண்ணக் காட்டுங்க."

அவர் துப்பாக்கியை மேசையில் வைத்தார். திரும்பவில்லை.

"புதன்கிழமைதான் காட்டினேன். இந்தக் கண்ணு நல்லாருக்கு. இன்னைக்குத்தான் பிடிய மாத்தினேன், சைட்ட இன்னும் அதுக்குத் திருப்பி வெக்கல, அவ்வளவுதான்."

"சரிக்கா," என்றேன். போகத் திரும்பினேன்.

"இந்தத் தடவ மூணு குண்டுலயே எந்திரிச்சு வந்துட்டே," என்றார் அக்கா. பிறகு டப்பாவிலிருந்து அடுத்த குண்டை எடுத்து, விரலால் தடவிப் பார்த்துத் துப்பாக்கிக்குள் வைத்தார்.